டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் அழகிப் போட்டிப் பெண்களைச் சந்தித்தவர்கள் சொல்லுங்கள்

சுமதி, கிள்ளான்:
புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டக் கோலாலம்பூர் லேக் கார்டனில் நடந்த டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் சட்டை விற்கும் மேசையில் நின்றேன். அழகிப் போட்டியில் கலந்துகொள்ளும் பெண்கள் வரப்போகிறார்கள் என்று முதல் வாரமே தகவல் வந்துவிட்டது. எங்கள் குழுவில் இருந்த ஒரு அக்காவுக்கு அதில் இஷ்டமே இல்லை. "படம் எடுத்துக்கிட்டு ஏழு மணிக்கெல்லாம் கார் ஏறிடுவாங்க பாரு" என்றார்.

இருட்டு பிரியாத நேரத்திலேயே வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் சப்பாத்து, டிராக் பேன்ட். போட்டிப் பட்டை நழுவாமல் இருக்கத் தோளில் ஒரு ஊக்கு, இடுப்பில் ஒரு ஊக்கு குத்தியிருந்தார்கள். ஓடத்தான் வந்திருக்கிறார்கள் என்று அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

அங்கே சட்டை வாங்குவதுதான் நன்கொடை. அந்தப் பெண்களில் ஒருவர், நம் தமிழ்ப் பிள்ளை, மேசைக்கு உள்பக்கம் வந்து நின்றுகொண்டார். காலை நடைக்கு வந்த சீன அங்கிள்கள் படம் பிடிக்கக் கைத்தொலைபேசியை எடுத்ததும், "ஒரு படத்துக்கு ஒரு சட்டை, அங்கிள்!" என்றார். பெரிய அளவுச் சட்டைகள்தான் முதலில் தீர்ந்தன.

பள்ளிப் பையன் ஒருவன் "யார் இந்த டெர்ரி?" என்று கேட்டான். அந்தப் பிள்ளை கடகடவென்று சொன்னது. கனடாக்காரர். 1977-இல் எலும்புப் புற்றுநோய், வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அப்போது வயது 18. 1980 ஏப்ரல் 12-ஆம் தேதி செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் செயற்கைக் காலை அட்லாண்டிக் தண்ணீரில் நனைத்துவிட்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட நாட்டின் குறுக்கே ஓட ஆரம்பித்தார். தினமும் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். 143 நாள், 5,373 கிலோமீட்டர். தண்டர் பே ஊருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார், நோய் நுரையீரலுக்கு ஏறியிருந்தது. மறு வருடம் ஜூன் மாதம், 22 வயதில் போய்ச் சேர்ந்தார்.

"ஒத்தக் கால்ல எப்படிக்கா ஓடுவாரு?" என்றான் பையன். பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு புல்தரையில் அவர் செய்து காட்டினார்: நல்ல காலில் ரெண்டு தத்தல், செயற்கைக் காலில் ஒரு எட்டு. அந்தக் காலத்துச் செயற்கைக் கால் அடுத்த அடிக்குத் தயாராக நேரம் எடுக்கும், அதற்குத்தான் அந்தக் கூடுதல் தத்தல். பையனும் கூடவே தத்தினான். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. அந்த அக்கா அதற்கப்புறம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

லோகா, பூச்சோங்:
எனக்கும் அம்மாவுக்கும் வேறு மாதிரி அனுபவம். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ முடிந்து முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை, தலையில் துணி கட்டியிருந்தார். "நடக்கிற வரைக்கும் நடக்கிறேன்" என்று பிடிவாதமாகக் கிளம்பிவிட்டார்.

ஏரியைச் சுற்றி வருவதற்குள் கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அப்போது முன்னால் போன பெண் ஒருவர், சரவாக்கில் இருந்து வந்தவர், திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார். படம் எடுக்கிறவர்கள் எல்லாம் முன்வரிசையோடு போயிருந்தார்கள். அவருக்கு இதில் ஒரு லாபமும் கிடையாது.

அம்மா மலாயில் கேட்டார், "நீ முன்னால ஓடலையா? போட்டியில மார்க் குறைச்சிட மாட்டாங்களா?" அவர் சிரித்தார். "இதில் யாரும் நேரத்தைக் கணக்கெடுப்பதில்லை, ஆன்டி. முதலிடமும் இல்லை, கடைசியும் இல்லை." உண்மைதான். 1981 செப்டம்பரில் கனடாவில் முதல் ஓட்டம் நடந்தபோதே பரிசு, பந்தயம் எதுவும் வேண்டாம் என்றுதான் வைத்தார்கள். நடையில் இருந்து சிரிப்பு வரைக்கும் மார்க் போடுகிற இடத்தில் இருந்து வந்த பிள்ளை, அந்த ஒரு காலையாவது நிம்மதியாக மூச்சு விட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அம்மாவிடம் அவர் நோயைப் பற்றிப் பரிதாபமாக ஒன்றும் கேட்கவில்லை. கீமோ நேரத்தில் வாய்க்கு எது பிடித்தது என்று கேட்டார். அம்மா புளி போட்ட ரசத்தைப் பற்றி விளக்கிக்கொண்டே பாதித் தூரம் நடந்துவிட்டார்.

குமரன், சுங்கை சிப்புட்:
நான் பல் மருத்துவத் துறையில் இருக்கிறேன். அன்றைக்கு ஓட்டம் முடிந்து மரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். பட்டை போட்ட பெண் ஒருவர், என்ன வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும், தயங்கித் தயங்கித் தன் பாட்டியைப் பற்றிக் கேட்டார். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பாட்டி. காலையில் எழுந்ததும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. இரவு படுக்கும்போதும் கன்னத்தில் ஒரு உருண்டை அடங்கியிருக்கும். இப்போது காரம் வாயில் வைக்க முடியவில்லையாம், கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு.

"வாய் முழுசா திறக்குதா? மூணு விரல் நுழையுதா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "பாட்டி இப்பல்லாம் சோத்தைச் சின்னச் சின்னதா உருட்டித்தான் வைக்குது" என்றார். உடனே காட்டச் சொன்னேன். காட்டினார்கள். புற்றுநோய் ஆகவில்லை, ஆனால் அதற்கு முந்தின நிலை. இன்னமும் கண்காணிப்பில் இருக்கிறார்.

மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் நம் இந்தியர்களைத்தான் அதிகமாகத் தாக்குகிறது, அதற்கு இந்த வெற்றிலைப் பழக்கம் பெரிய காரணம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு போட்ட வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. வீட்டில் இதைச் சொன்னால் "எங்க ஆத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் போட்டாங்க" என்று வாயை அடைத்துவிடுவார்கள். பேத்தி சொன்னால்தான் கேட்பார்கள், அதுவும் பேப்பரில் படம் வந்த பேத்தி.

சுமதி, கிள்ளான்:
குமரன் அண்ணே, நம் சட்டைக் காசும் வாய்ப் புற்றுநோயை ஆராயும் ஒரு அமைப்புக்குத்தான் போயிருக்கிறது. அப்போது காரிஃப் என்றார்கள், இப்போது கேன்சர் ரிசர்ச் மலேசியா. வாயைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து நிபுணருக்கு அனுப்பும் மெமோசா செயலி அவர்கள் முயற்சிதான். லோகா அம்மாவுக்கு வந்த நோயிலும் ஆசியப் பெண்களின் மரபணுவை வைத்தே ஆராய்கிறார்கள். அதுவரை பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் மரபணுவை வைத்துத்தானே யாருக்கு நோய் வரலாம் என்ற கணக்கெல்லாம் போட்டார்கள்.

குமரன், சுங்கை சிப்புட்:
ஆமாம்மா. வீட்டில் வெற்றிலைப் பெட்டி வைத்திருக்கும் பாட்டி, தாத்தா இருந்தால் இந்த வாரமே வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், இது இருந்தால் அரசாங்கப் பல் கிளினிக்கே போதும். வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.