1995 இடப்பெயர்வில் சிறுவர்களுக்குக் கிடைத்த பரிவு

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் கிழக்கேயுள்ள தென்மராட்சியை நோக்கி நடந்ததைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். மழையையும் நாவற்குழிப் பாலத்து நெரிசலையும் நான் மீண்டும் விவரிக்கப் போவதில்லை. அதற்குப் பின்வந்த மாதங்களில், பத்து வயதுச் சிறுமியாக இருந்த எனக்கும் என்னையொத்த பிள்ளைகளுக்கும் சிலர் காட்டிய பரிவைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

சாவகச்சேரிக்கு அண்மையில் ஒரு வீட்டு வளவில், எங்களைப் போன்ற வேறு குடும்பங்களோடு கிடுகுக் கொட்டில் போட்டுத் தங்கியிருந்தோம். 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயைத் துளித்துளியாகவே செலவிட வேண்டியிருந்தது. ஜாம் போத்தலின் அடியில் சிறிது எண்ணெய் விட்டு, உள்ளேயே திரி எரியும்படி செய்த சிக்கன விளக்கைக்கூட எங்கள் அம்மா சமையல் முடிந்ததும் அணைத்துவிடுவார். வீட்டுக்காரரிடம் எதையும் கேட்கக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பான கட்டளை.

வீட்டுக்கார ஆச்சி இதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு மாலை அவர் தம் விறாந்தையில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, "எனக்குக் கண் மங்கிப் போச்சுது, பிள்ளையள் ஆராவது வந்து இந்தப் பேப்பரை வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று எங்களைக் கூப்பிட்டார். அச்சுத்தாள் கிடைக்காமல் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான காலம் அது. நாங்கள் மாறி மாறி வாசித்து முடித்த பின்னரும் அவர் விளக்கை அணைக்கவில்லை. "இருக்கிற வெளிச்சத்தில உங்கட பாடத்தையும் படியுங்கோவன்" என்றார். மறுநாளும் அப்படியே நடந்தது, பிறகு அது வழக்கமாகிவிட்டது. பகலில் அதே ஆச்சி கண்ணாடி கூடப் போடாமல் சுளகில் அரிசியைப் பரப்பி, ஒரு கல் தவறாமல் பொறுக்கிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆச்சிக்கு உதவி செய்யப் போகிறோம் என்பதால் அம்மாவும் தடுக்கவில்லை. எண்ணெயைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்திருந்தால் அம்மா நிச்சயம் திருப்பி அனுப்பியிருப்பார். பெற்றவர்களின் தன்மானத்தைத் தொடாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தெரிந்தவர்கள் அந்த நாட்களிலும் அதிகம் பேர் இருக்கவில்லை என்றே நினைக்கிறேன். (உணவுப் பொதி கொடுத்துவிட்டு ஊருக்கெல்லாம் சொன்னவர்களையும் கண்டிருக்கிறோம், பசியில் அதையும் வாங்கித்தான் உண்டோம்.)

எங்கள் பாடசாலை, அங்கிருந்த இன்னொரு பாடசாலையின் கட்டடத்தில் பின்னேர நேரத்தில் நடந்தது. காலையில் அவ்வூர்ப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போவார்கள். அவர்களை நாங்கள் நேரில் சந்திப்பதேயில்லை. என்னிடம் விரலால் பிடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்த ஒரு பென்சில் மட்டுமே இருந்தது. அதை மேசைக்குள் தவறுதலாக விட்டுவிட்டு வந்த நாளுக்கு அடுத்த நாள், என்னுடைய துண்டுக்குப் பக்கத்தில் அரைவாசிக்கு வெட்டிய ஒரு பென்சில், கூர் சீவப்பட்டு இருந்தது. மற்றப் பாதியை அந்தப் பிள்ளை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் கொப்பித் தாளில் நன்றி எழுதி வைத்தேன். பதிலாக வகுப்பாசிரியரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரம் வந்தது. 1996 ஏப்ரலில் நாங்கள் ஊர் திரும்பும்வரை அந்த மேசை வழியாக நிறையக் கேலிச்சித்திரங்கள் போய் வந்தன. வரைந்தது ஆணா பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது. யன்னலோரம் மூன்றாவது வாங்கு. அதில் காலையில் இருந்து படித்தவரைத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.