சைனாடவுன் உணவங்காடியில் சைவமும் செண்டோலும்

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு மாலை மட்டும் இருப்போம். அம்மா சுத்த சைவம். லக்சாவில் (தேங்காய்ப்பால் நூடுல்ஸ் சூப்) இறால், மீன்கேக் போடாமல் கேட்டால் போதுமா? இனிப்புக்கு என்ன வாங்கலாம்?

பதில் 1: போதாதுங்க. லக்சா மசாலா அரைக்கும்போதே காய்ந்த இறால் சேர்ந்துவிடும், சம்பலில் (மிளகாய் விழுது) பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். மேலே இருப்பதை எடுத்தாலும் குழம்பு சைவமாகாது. சீன சைவக் கடையைத் தேடுங்கள். அங்கே பெரும்பாலும் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 2: இனிப்புக்குச் செண்டோல்தான். தேங்காய்ப்பால், ஐஸ், பாண்டான் இலை வாசனையுள்ள பச்சை மாவு நூல்துண்டுகள், குலா மலாக்கா வெல்லப்பாகு. பாகு அடியில் தங்கும், வந்தவுடன் கிளறுங்கள். பத்து நிமிடம் விட்டால் ஐஸ் கரைந்து பால் நீர்த்துப்போகும், அப்புறம் ருசியே இல்லை. குடிக்கக் கோப்பி (காபி) வாங்கினால், சர்க்கரை குறைய 'சியூ டாய்' என்று கேளுங்கள்; சர்க்கரையும் பாலும் அறவே வேண்டாமென்றால் 'கோப்பி ஓ கோசோங்'.

பதில் 3: இரவு 7 மணிக்கு முன்பே போங்கள், பல கடைகள் சீக்கிரம் மூடிவிடும். மேசையில் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அது ஏற்கெனவே ஒருவர் பிடித்துவைத்த இடம். சாப்பிட்ட தட்டை அதற்குரிய அடுக்கில் கொண்டுபோய் வைப்பது 2021 முதல் கட்டாயம். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு.