ராஸ்பெரி பை 4, 8 ரிலே போர்டு: நாலாவது ரிலே ஆன் ஆனதும் எஸ்எஸ்டி காணாமல் போகிறது

தறிநாடா:
வணக்கம். மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியில் 8 ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள போர்டை ஜம்பர் வயரால் இணைத்திருக்கிறேன். விசிசி (போர்டுக்கு மின்சாரம் தரும் முனை) பின் 2-இலும் கிரவுண்ட் பின் 6-இலும் இருக்கின்றன, கட்டுப்பாட்டு வயர்கள் ஜிபிஐஓ பின்களில் (நிரல் ஆன் ஆஃப் செய்யும் பின்கள்). யூஎஸ்பி 3 போர்ட்டில் ஒரு எஸ்எஸ்டி (சேமிப்பு வட்டு), பூட் ஆவதும் அதிலிருந்துதான். மூன்று ரிலே வரை எந்தத் தொல்லையும் இல்லை, நாலாவது ஆன் ஆனதும் திரை மூலையில் மின்னல் குறி வருகிறது, எட்டும் ஆன் ஆகும்போது எஸ்எஸ்டி கழன்று கொண்டு மொத்தமும் உறைந்துவிடுகிறது. ரிலேக்களின் வெளிப்பக்கத்தில் இன்னும் எதையும் இணைக்கவில்லை. சார்ஜரில் 5 வோல்ட் 3 ஆம்ப் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது, அதன் வாயில் அளந்தால் 5.08 வருகிறது. ரிலே போர்டுதான் பழுதா? வேறு போர்டு வாங்கலாமா?

இரவுப்பணி:
கான்ஃபிக் கோப்பில் அவாய்ட் வார்னிங்ஸ் என்ற வரியைச் சேர்த்து 1 என்று வையுங்கள், மின்னல் குறி போய்விடும். என் பையில் அப்படித்தான் ஓடுகிறது.

செப்புக்கம்பி:
இரவுப்பணி, அது குறியை மறைக்கும், அவ்வளவுதான். வோல்டேஜ் விழுவது நிற்காது. பை 4.63 வோல்ட் அளவுக்குக் கீழே போனால்தான் அந்தக் குறியே வரும், அந்த நேரத்தில் எஸ்எஸ்டி எழுதிக்கொண்டிருந்தால் கோப்புகள் கெட்டுப்போகும், அதனால் பூட் ஆகும் வட்டை வைத்துக்கொண்டு தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம்.

தறிநாடா, போர்டு வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். சார்ஜர் வாயில் அளந்தது போதாது. பையின் பின்னில், சுமை ஓடும்போது என்ன வருகிறது என்பதுதான் கேள்வி. பின் 4-இல் ஒரு வயர், பின் 14-இல் ஒரு வயர் செருகி, மறுமுனைகளில் மீட்டரைப் பிடியுங்கள். மீட்டர் முனையை நேரே பின்களுக்கு நடுவில் விட வேண்டாம், பின் 1 3.3 வோல்ட், பக்கத்திலேயே பின் 2 5 வோல்ட், முனை கொஞ்சம் சறுக்கி இரண்டையும் தொட்டால் பையையே இழந்துவிடலாம். ரிலே இல்லாமல், மூன்றோடு, நாலோடு, எட்டோடு என்று நாலு அளவு எடுங்கள். டெர்மினலில் கெட் திராட்டில்ட் கட்டளை (வோல்டேஜ் குறைந்ததா என்று பை வைத்திருக்கும் பதிவைக் காட்டுவது) என்ன எண் தருகிறது என்றும் சொல்லுங்கள். அப்புறம் கேபிளின் உறை மேல் பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருக்கும், அதையும் படித்துப் பாருங்கள்.

தறிநாடா:
அளந்துவிட்டேன். ரிலே இல்லாமல் 4.69, மூன்றோடு 4.64, நாலோடு 4.62, எட்டோடு 4.55. கட்டளை தந்த எண் 50005. கேபிள் அரை மீட்டர்தான், உறையில் 28ஏடபிள்யூஜி/1பி 28ஏடபிள்யூஜி/2சி என்று இருக்கிறது. இவ்வளவு குட்டைக் கேபிளிலா அரை வோல்ட் போகிறது?

செப்புக்கம்பி:
போகும். உங்கள் அளவுகளே கதையைச் சொல்லிவிட்டன. 1பி என்பது டேட்டா ஜோடி, 2சி என்பது மின்சாரம் போகும் இரண்டு கம்பிகள், அவையும் 28 கேஜ், அதாவது மெல்லிய கம்பி. மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். அரை மீட்டர் போய் அரை மீட்டர் திரும்பி வந்தால் ஒரு மீட்டர் கம்பி, கனெக்டர்களையும் சேர்த்தால் 0.25 ஓம் அருகில். பையும் எஸ்எஸ்டியும் 1.5 ஆம்ப் இழுக்கும்போதே கிட்டத்தட்ட 0.4 வோல்ட் அங்கேயே கரைந்துவிடுகிறது. உங்கள் 4.69 அப்படி வந்ததுதான். ரிலே சுருள் ஒவ்வொன்றும் 70 மில்லி ஆம்ப் போல இழுக்கும் (5 வோல்ட் நீலப் பெட்டி ரிலே என்றால் சுருளின் தடை 70 ஓம் அருகில் இருக்கும்), நாலுக்கு 280. ஏற்கெனவே விளிம்பில் நின்றதை அது தள்ளிவிட்டது. எய்தவன் இருக்க அம்பை நொந்து பயனில்லை, போர்டு நன்றாகவே இருக்கிறது.

50005-இல் கடைசி 5 இந்த நொடியில் வோல்டேஜ் குறைவாக இருக்கிறது, அதனால் வேகத்தைக் குறைத்திருக்கிறேன் என்கிறது. முதல் 5 பூட் ஆனதிலிருந்து எப்போதாவது அப்படி நடந்ததா என்பதன் பதிவு. மின்சாரக் கம்பி 20 கேஜ் உள்ள கேபிளாகப் பாருங்கள் (கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன்), தடை ஆறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும்.

தறிநாடா:
20 கேஜ் கேபிள் மாற்றியாயிற்று. எட்டு ரிலேயும் ஆன் ஆனபோது 4.93! மின்னல் குறியும் இல்லை. ஆனால் ஒரு இரவு ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் 50000 காட்டுகிறது. மீட்டரில் ஒருமுறைகூட 4.9-க்குக் கீழே பார்க்கவில்லை. எதை நம்புவது?

மின்மினி:
இந்த இடத்தில் பையை நம்புங்கள். சாதாரண மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும், அதுவும் சராசரி. எட்டு ரிலேயும் ஒரே நேரத்தில் ஆன் ஆகி, அதே கணத்தில் எஸ்எஸ்டியும் எழுதத் தொடங்கினால் வரும் பள்ளம் சில மில்லி நொடிதான். மீட்டர் கண்ணில் அது படவே படாது, பை பிடித்துவிடும். செல்பேசி சார்ஜர்கள் பேட்டரிக்குச் சீராக ஊட்டுவதற்குச் செய்தவை, இப்படித் திடீரென்று ஏறும் சுமைக்குப் பல சார்ஜர்கள் தடுமாறும். பை 4-க்கான அதிகாரபூர்வ அடாப்டர் 5.1 வோல்ட் 3 ஆம்ப், கேபிளும் அதிலேயே பிணைந்து வருகிறது.

அதோடு ரிலே சுருள்களைப் பையின் 5 வோல்ட்டிலிருந்து பிரித்துவிடுங்கள், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உங்கள் போர்டின் ஓரத்தில் விசிசி, ஜேடி-விசிசி (ரிலே சுருள்களுக்கு மின்சாரம் போகும் பின்) என்று இரண்டு பின்களைக் குட்டி ஜம்பர் ஒன்று இணைத்திருக்கிறதா? இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலில் அதைக் கழற்றுங்கள். தனி 5 வோல்ட் சப்ளையின் நேர்முனை ஜேடி-விசிசிக்கும், எதிர்முனை அதன் அருகிலுள்ள கிரவுண்டுக்கும் போகட்டும். பையிலிருந்து விசிசிக்கு 3.3 வோல்ட், அதாவது பின் 1. நடுவில் ஆப்டோகப்ளர் (மின்தொடர்பு இல்லாமல் ஒளியால் சிக்னலைக் கடத்தும் பாகம்) இருப்பதால் பையின் கிரவுண்ட் வயர் வேண்டியதில்லை. ஜம்பரைக் கழற்ற மறந்து 3.3-ஐக் கொடுத்தால் வெளியிலிருந்து வரும் 5 வோல்ட் நேரே பையின் 3.3 தடத்துக்குள் போய்விடும், ஆகவே இணைக்கும் முன் இன்னொரு முறை அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தறிநாடா:
ஜம்பர் இருந்தது, கழற்றிவிட்டேன். ரிலேக்களுக்குத் தனி சப்ளை, பைக்கு 5.1 வோல்ட் அடாப்டர். நிரலில் எட்டையும் ஒரே நேரத்தில் ஆன் செய்யாமல் ஒவ்வொன்றுக்கும் 50 மில்லி நொடி இடைவெளியும் வைத்தேன். எஸ்எஸ்டியில் பெரிய கோப்புகளை நகலெடுத்துக்கொண்டே ரிலேக்களை இரவு முழுக்க ஆன் ஆஃப் செய்யவிட்டேன். இப்போது கட்டளை தரும் எண் வெறும் 0. கர்னல் (இயக்க முறைமையின் மையப்பகுதி) பதிவிலும் அண்டர்வோல்டேஜ், அதாவது வோல்டேஜ் குறைவு என்ற வரி ஒன்றுகூட இல்லை. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

இரவுப்பணி:
நானும் அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்த்தேன், எனக்கும் 50005. கேபிளில் 28ஏடபிள்யூஜி/2சி. இன்றே மாற்றுகிறேன்.