அம்மாவின் பாகப்பிரிவினை வழக்கு ஹைகோர்ட்டில் முடிந்துவிட்டது, சுப்ரீம் கோர்ட் போகலாமா?

தாமிரபரணிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மா தன் இரண்டு அண்ணன்கள் மேல், அதாவது என் தாய்மாமன்கள் மேல், 2011-ல் போட்ட பாக வழக்கு போன மாதம் மதுரைக் கிளையில் இரண்டாம் மேல்முறையீட்டோடு முடிந்தது. சொத்து பெரிதாக ஒன்றுமில்லை, 2 ஏக்கர் 70 சென்ட் நஞ்சை, பூர்வீகம். பாட்டி முன்பே போய்விட்டார், தாத்தா 1998-ல் இறந்தார், அம்மாவுக்குக் கல்யாணம் 1986-ல்.

சப் கோர்ட் 2016-ல், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகன் மாதிரியே பிறப்புரிமை தந்த 2005 இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் வந்த நாளில் அவளுடைய அப்பா (தாத்தா) உயிரோடு இல்லை, அதனால் மகளுக்குப் பிறப்புரிமை கிடையாது, தாத்தாவின் பங்கில் மட்டும் மூன்றில் ஒன்று என்று சொல்லி 30 சென்ட் கொடுத்தது. நாங்கள் கேட்டது சரிசமமாக 90 சென்ட். மாவட்ட நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மதுரையில் 2020 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைக் காட்டினோம். மகளுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள், ஆனால் 1995-லேயே தாத்தா இருக்கும்போது வாய்மொழியாகப் பாகம் பிரிந்துவிட்டது என்று மாமாக்கள் சொன்னதை ஏற்று மறுபடியும் அதே 30 சென்ட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

எனக்குக் காது குத்தியது பெரிய மாமா மடியில்தான். அவரோடு 14 வருஷமாகப் பேச்சு இல்லை. அம்மா இப்போதும் நிலத்தைவிட "நானும் அந்த வீட்டில் பிறந்தவள்தானே" என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரு நண்பர் சுப்ரீம் கோர்ட் நினைத்தால் எதையும் செய்யலாம், போங்கள் என்கிறார். எங்கள் வக்கீல் இவ்வளவு சின்ன சொத்துக்கு அங்கே கதவே திறக்காது என்கிறார். எது உண்மை?

---

செல்வம்_தூத்துக்குடி:

கண்டிப்பாகப் போங்கள். அரசியல் சட்டம் 142-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, முழுமையான நீதி கிடைக்க என்ன உத்தரவு வேண்டுமானாலும் போடலாம். பேரறிவாளனை 2022 மே 18-ல் அதை வைத்துத்தான் விடுதலை செய்தார்கள். 31 வருஷ சிறைவாசத்தையே முடித்து வைத்தவர்களுக்கு 60 சென்ட் ஒரு விஷயமா?

---

மதுரைக் கிளை வக்கீல்:

செல்வம் தம்பி சொல்வதில் ஆசை இருக்கிறது, ஆனால் அப்படி நம்பிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 142 என்பது தனியாக ஒரு வாசல் இல்லை, வேறு பிரிவு வழியாக உள்ளே போன வழக்கில் பயன்படுத்துகிற அதிகாரம். பேரறிவாளன் வழக்கில் அமைச்சரவை 2018-லேயே பரிந்துரை செய்து, ஆளுநர் அதை வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டு, வேறு வழியே இல்லாத நிலை இருந்தது. அதற்கும் எல்லை உண்டு. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று 142-ஐ வைத்து இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். ஜனாதிபதி 143-வது பிரிவின் கீழ் கருத்துக் கேட்டபோது, நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அப்படிக் கருத முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆக, அந்த கோர்ட்டுக்குள்ளேயே இந்த அதிகாரம் எதுவரை போகும் என்பது இன்னும் பேசப்படுகிற விஷயம்தான்.

உங்கள் வக்கீல் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. சொத்து மதிப்பு ஒரு தடையே இல்லை. முன்பு 20,000 ரூபாய் என்று ஒரு கணக்கு இருந்தது, 1972 திருத்தத்தோடு அது போய்விட்டது. உங்களுக்கான வழி 136-வது பிரிவு, சிறப்பு அனுமதி மனு, நாங்கள் எஸ்.எல்.பி. என்போம். இது மேல்முறையீடு இல்லை, மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்பது. கொடுக்கவும் செய்யலாம், காரணமே சொல்லாமல் ஒரு வரியில் தள்ளவும் செய்யலாம். தள்ளினால் ஹைகோர்ட் சொன்னது சரி என்று சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை, உங்கள் வழக்கைக் கையில் எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். இந்த வித்தியாசம் தெரியாமல் மனம் உடைந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தலைமை நீதிபதியோடு சேர்த்து மொத்தம் 34 இடங்கள், நாடு முழுக்க உள்ள வழக்குகள். யார் நிலத்தை யார் உழுதார், எந்த சாட்சி பொய் சொன்னார் என்பதை நாலாவது முறையாக அலசுவதற்காக அந்த கோர்ட் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாட்டுக்கே ஒரே மாதிரி ஆக்குவதுதான் அதன் பெரிய வேலை, 141-வது பிரிவு. உங்கள் அம்மா வழக்கையே பாருங்கள். 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள், அதைத்தான் உங்கள் சப் கோர்ட் அப்படியே எடுத்தது. 2018-ல் வேறு இரண்டு நீதிபதிகள் வேறு மாதிரி தீர்ப்பளித்தார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில், மகளுக்கு உரிமை பிறப்பால் வருகிறது, அப்பா எப்போது இறந்தார் என்பது பிரச்சினையே இல்லை என்று முடித்தார்கள். யாரோ ஒருவர் டெல்லியில் நடத்திய வழக்கு, திருநெல்வேலியில் உங்கள் அம்மாவின் 30 சென்ட்டை 90 ஆக்கும் அளவுக்கு வருகிறது. 142-ஐ விட இதுதான் பெரிய அதிகாரம் என்பது என் கருத்து.

இப்போது முக்கியமான விஷயம். அதே தீர்ப்பில் வாய்மொழிப் பாகம் பற்றியும் சொல்லியிருக்கிறார்கள். மகளை ஏமாற்ற சுலபமாகச் சொல்லக்கூடிய கதை என்பதால் பொதுவாக ஏற்கக் கூடாது, அரசு ஆவணங்களால் உறுதியாக நிரூபித்தால் மட்டும் அபூர்வமாக ஏற்கலாம். மாமாக்கள் என்ன ஆவணம் காட்டினார்கள்? பட்டா எந்த வருஷம் பிரிந்தது?

---

தாமிரபரணிக்காரன்:

ரொம்ப நன்றி சார். நேற்று ராத்திரி கட்டு முழுவதையும் பிரித்துப் பார்த்தேன். தீர்வை ரசீதுகளும் தனிப் பட்டாக்களும் போட்டிருக்கிறார்கள். ஆனால் தனிப் பட்டா 2008-ல்தான் வந்திருக்கிறது, 2007 வரை தாத்தா பேரிலேயே இருக்கிறது. ரசீதும் அதற்கு அப்புறம் உள்ளவைதான். இதை யாருமே கோர்ட்டில் வாதாடவில்லை என்று நினைக்கிறேன்.

---

மதுரைக் கிளை வக்கீல்:

அது ஏற்கெனவே சான்றாவணமாகக் குறியிடப்பட்டதுதானே? அப்படியானால் நல்லது. புதிதாக ஒரு காகிதத்தை சுப்ரீம் கோர்ட்டில் கொண்டுபோய் நீட்டுவது கஷ்டம், கட்டில் இருப்பதை வைத்துத்தான் பேசுவார்கள். 1995-ல் பிரிந்ததாகச் சொல்பவர்களின் ஆவணமே 2008-ல்தான் ஆரம்பிக்கிறது என்றால், வினீதா சர்மா சொன்ன அளவுகோலை ஹைகோர்ட் வைத்துப் பார்க்கவில்லை என்பது சட்டக் கேள்வி. மனுவில் அதை மட்டும் முன்னால் வையுங்கள். அண்ணன்கள் செய்த துரோகத்தைப் பத்துப் பக்கம் எழுதச் சொல்லாதீர்கள்.

---

மல்லிகா:

தம்பி, அனுபவத்தில் சொல்கிறேன். என் அம்மாவின் குடும்ப ஓய்வூதிய வழக்குக்காக நாங்களும் எஸ்.எல்.பி. போட்டோம். வீடியோ இணைப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் எண் வந்தது, வக்கீல் இரண்டு வாக்கியம் பேசினார், தள்ளுபடி. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அம்மா "அவ்வளவுதானா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு உங்கள் அம்மாவை முன்பே தயார் பண்ணிவிடுங்கள்.

ஆனால் செலவுக்குப் பயந்து விடாதீர்கள். டெல்லியில் மனு தாக்கல் செய்ய அட்வகேட் ஆன் ரெக்கார்ட் என்று தனியாகப் பதிவு பெற்ற வக்கீல்தான் வேண்டும், தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும், நாங்கள் கடன் வாங்கித்தான் செய்தோம். அப்புறம்தான் தெரிந்தது, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. சுப்ரீம் கோர்ட்டுக்கே தனியாக ஒரு சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100-க்கு போன் பண்ணுங்கள், அல்லது மாவட்ட கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அம்மாவையே நேரில் கூட்டிப்போய்க் கேளுங்கள்.

---

மதுரைக் கிளை வக்கீல்:

மல்லிகா அக்கா சொன்னதை உடனே செய்யுங்கள். தீர்ப்பு தேதியிலிருந்து 90 நாள், சான்றிட்ட நகல் எடுக்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதம் போய்விட்டது. நகல் மனு போட்டாயிற்றா?

---

தாமிரபரணிக்காரன்:

இல்லை சார். திங்கட்கிழமை காலையில் மதுரை போகிறேன், அம்மாவும் வருகிறேன் என்கிறார்.