புதுப்பிப்பு: 100 வாட்ஸ் போர்டு, 12 வோல்ட் அடாப்டர்

களியக்காவிளைப் பக்கம் ஓணம் சீசனில் கைமாறும் டிபிஏ3116 (ஆம்ப்ளிஃபையர் சிப்) போர்டு ஏன் பாதி வால்யூமிலேயே கரகரக்கிறது என்பதுதான் முந்தைய பதிவு. பலரும் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டார்கள். குறை மின் சப்ளையில், அதாவது 12 வோல்ட் அடாப்டரில்.

அட்டையிலுள்ள 50+50 வாட்ஸ் (சேனலுக்கு 50) என்பது 21 வோல்ட், 4 ஓம், 10% டிஸ்டார்ஷனில் வரும் கணக்கு. 10% என்றால் அலையின் தலை மொட்டையாகிவிட்டது என்று பொருள். 1%-க்குள் கேட்டால் 40 வாட்ஸ்தான் தேறும். 12 வோல்ட்டில்? வோல்ட்டின் வர்க்கத்தை ஓமின் இரு மடங்கால் வகுங்கள்: 4 ஓமுக்கு 12×12÷8 = 18 வாட்ஸ். சிப்பில் விழும் இழப்பு போக 15. பிஎம்பிஓ (நொடிநேர உச்ச பவர்) எண்ணைப் பார்க்கவே வேண்டாம், அது சும்மா ஸ்டிக்கர்.

சோதிக்க: போனில் 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, 4 ஓம் ஸ்பீக்கர் முனைகளில் வையுங்கள். ஒலி கரகரக்கத் தொடங்கும் இடத்தில் 7.7 வோல்ட் என்றால் 7.7×7.7÷4, ஏறக்குறைய 15 வாட்ஸ். டோன் சில நொடிகளுக்கு மேல் வேண்டாம், ஸ்பீக்கரின் காயில் (கம்பிச் சுருள்) சூடேறும்.

8 ஓம் ஸ்பீக்கருக்கு 24 வோல்ட், 4 ஆம்பியர் அடாப்டர் போதும், 26-ஐத் தாண்டக்கூடாது. இரு சேனல்களின் மைனஸையும் சேர்த்துக் கட்டாதீர்கள். இது பிரிட்ஜ் அவுட்புட், ஸ்பீக்கரின் இரு முனைகளையும் சிப்பே இயக்குகிறது, அங்கே கிரவுண்டே கிடையாது.