மறு: 'டெப்த் ஆஃப் டிஸ்சார்ஜ்' – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். படகுக்காரர்களுக்கான நம் கையேட்டுக்கு 'டெப்த் ஆஃப் டிஸ்சார்ஜ்', அதாவது பேட்டரியின் முழுக் கொள்திறனில் எத்தனை விழுக்காடு தீர்ந்துவிட்டது என்பதற்கு, ஒரு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். குழுவில் ஐயா முன்மொழிந்த 'மின்னிறக்க ஆழம்' பாடநூலுக்குப் பொருந்தலாம். சிறு பாய்மரப் படகுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. படகில் ஆழம் என்றால் அடியில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பது மட்டும்தான். புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடக்கும் நாட்களில் ஆழமானியை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. அப்போது பக்கத்துத் திரையில் 'ஆழம் 50' என்று இருந்தால் குழப்பம்தான். கருவியின் முகப்பில் எழுதத் தகுந்த சொல்லாக இருக்க வேண்டும்.

என் பரிந்துரை 'இறங்களவு'. இறங்கு + அளவு, வினைத்தொகை. கடலூரிலும் புதுச்சேரியிலும் படகுக்காரர்கள் "பேட்டரி இறங்கிடுச்சு" என்றுதான் சொல்கிறார்கள். இன்னொரு நண்பர் தந்த 'இறக்களவு' இதற்கு மிக அருகில் வருகிறது. ஆனால் இறக்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். பேட்டரி ஆளில்லாமலும் இறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. அக்னி நட்சத்திர வெயிலும் அந்த நாட்களில்தான். ஒரு விளக்குகூட எரியாமலே ஈய-அமில பேட்டரி இறங்குகிறது, சூடு கூடக் கூட இன்னும் வேகமாக. அப்படியே விட்டுவிட்டால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்திறன் திரும்பாது. எடுத்ததும் தானாகப் போனதும் இரண்டும் 'இறங்கு' என்ற வினைக்குள் அடங்குகின்றன.

இதோடு சேர்த்து இன்னொரு சொல்லும் வேண்டும், என்னைக் கேட்டால் அதுதான் அவசரம். பேட்டரி மேல் 100 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருக்கும் (1 ஆம்பியர் வீதம் 1 மணி நேரம் எடுத்தால் 1 ஆம்பியர்-மணி). அதை நம்பித்தான் பலர் கணக்குப் போடுகிறார்கள். ஈய-அமில பேட்டரியில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வெகுவாகக் குறையும். ஆக உண்மையில் கையில் இருப்பது 50. வீராணம் ஏரியில் மதகுக்குக் கீழே நிற்கும் தண்ணீரும் ஏரித் தண்ணீர்தான், ஆனால் வயலுக்கு வராது. அதைப் போன்றது அந்தக் கீழ்ப்பாதி. மேலே உள்ள, எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பங்கைப் 'புழங்களவு' எனலாம். புழங்குற தண்ணி, புழங்குற பாத்திரம் என்று வீட்டில் சொல்லும் அதே சொல்.

கணக்கில் வைத்துப் பார்ப்போம். 12 வோல்ட் படகு ஒன்று, ஒரு பகலும் ஓர் இரவும் கடலில் இருக்கிறது. 2 வாட் எல்இடி நங்கூர விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் 2 ஆம்பியர்-மணி. படகுக்கும் கரைக்கும் பேச உதவும் விஎச்எஃப் ரேடியோவை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்க ஏறக்குறைய 10; பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும், ஆனால் சில நிமிடம்தான். வரைபடத் திரை 10 மணி நேரத்துக்கு 10. கைபேசிகள், அறை விளக்கு 5. தானியங்கிச் சுக்கான் 3 ஆம்பியர் வீதம் 6 மணி நேரம் ஓடினால் அது மட்டும் 18. மொத்தம் 45. அச்சிட்ட 100ஐப் பார்ப்பவர் இரண்டு நாள் ஓட்டலாம் என்று நினைப்பார். புழங்களவைப் பார்ப்பவருக்கு மறுநாள் காலையிலேயே மிச்சம் 5தான் என்று தெரியும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 விழுக்காடு வரை தாராளமாக எடுக்கலாம். அங்கே அதே 100க்குப் புழங்களவு 80.

அச்சிட்ட எண் வழக்கமாக 20 மணி நேரத்தில் நிதானமாக இறக்கினால் கிடைக்கும் அளவு, அதாவது 5 ஆம்பியர் வீதம். வேகமாக இழுத்தால் ஈய-அமிலத்தில் அதுவும் குறையும். பாய்க்கெர்ட் என்ற ஜெர்மன் அறிவியலாளர் 1897இல் இதற்குச் சூத்திரமே எழுதினார். ஆகையால் புழங்களவு மாறாத எண் அல்ல. வரையறை எழுதும்போது எந்த வீதத்தில் என்பதையும் சேர்க்க வேண்டும்.

வெயிலோ காற்றோ கைகொடுக்காமல் பேட்டரி எத்தனை நாள் ஓட்டும் என்பதற்குத் 'தாங்குநாள்' போதும். "எத்தனை நாள் தாங்கும்?" என்றுதானே கேட்கிறோம். நல்ல வெயிலில் 100 வாட் சூரியத் தகடு இழப்பு போக நாளுக்கு 30 ஆம்பியர்-மணிக்குக் கிட்டத் தரும். ஐப்பசி, கார்த்திகை மூடாப்பில் அதை நம்ப முடியாது. நம் கரைக்குத் தாங்குநாளை வடகிழக்குப் பருவமழையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

பேட்டரியை 'மின்கல அடுக்கு' என்பதா என்று நீண்ட விவாதம் நடந்தது. எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. பேட்டரி என்ற சொல் ஊன்றிவிட்டது, இருக்கட்டும். 'ஸ்டேட் ஆஃப் சார்ஜ்', அதாவது பேட்டரியில் மிச்சமிருக்கும் விழுக்காடு, என்பதற்கு மின்னிருப்பு சரி. இறங்களவும் மின்னிருப்பும் கூட்டினால் 100 வரும், திரையில் எது இருந்தாலும் மற்றது உடனே தெரியும்.

எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பங்குக்குப் புழங்களவு, பயன்கொள்ளளவு இரண்டில் எது வேண்டும் என்று இந்த வாரம் முடிவு செய்துவிட்டால் கையேட்டின் மின்சாரப் பகுதியை அச்சுக்கு அனுப்பலாம். கடலூர் முதுநகரில் படகுகளுக்கு வயரிங் செய்பவர்களிடம் பேசக்கூடியவர்கள் யாராவது இருந்தால், பேட்டரியின் அந்தக் கீழ்ப்பாதிக்கு அவர்களிடம் தனிப் பெயர் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து