காயமா, ஊறா?

வணக்கம்.

1923-ஆம் ஆண்டின் பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைத் தமிழாக்கும்போது, ‘இஞ்சுரி’ (injury) வரும் இடமெல்லாம் ‘காயம்’ என்று போட்டுவிடலாம் என்று நேற்றைய மடலில் பார்த்தேன். கை நசுங்கினால் சரி. நோய்க்கு ஒத்துவராது.

பஞ்சாலையில், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமில் வேலை பார்த்தவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள் (இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் வராத ஆலை என்று வைத்துக்கொள்வோம்). முதலில் வார லீவு முடிந்து திரும்புகிற நாளில் மட்டும் நெஞ்சை அடைக்கும், மறுநாள் சரியாகிவிடும். சில வருஷங்கள் போனால் எல்லா நாளும் அடைக்கும். பிசினோசிஸ், பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய். சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், வேலையால் வரும் நோய்களின் பட்டியலிலேயே, இருக்கிறது. இவருக்கு எங்கே காயம்? ஆனால் உரிய காலம் அந்த வேலையில் இருந்தவருக்கு அட்டவணை நோய் வந்தால், அதை விபத்தால் நேர்ந்த ‘இஞ்சுரி’யாகவே கொள்ளச் சொல்கிறது 3-ஆம் பிரிவு. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்று 2009 திருத்தம் சேர்த்தபோதும், ‘இஞ்சுரி’க்கான சிகிச்சை என்றுதான் எழுதினார்கள். அங்கே நாம் ‘காயம்’ என்று எழுதினால், இன்ஹேலர் பில்லை நீட்டுகிறவரிடம் “உங்களுக்குத்தான் எங்கேயும் அடிபடவில்லையே” என்பார்கள்.

ஆகவே அடிக்கும் நோய்க்கும் பொதுவாக ‘ஊறு’. வேலையால் வந்தால் ‘பணியூறு’. வீட்டில் சொல்லிப் பார்த்தேன், “என்ன, ஊறுகாயா?” என்றார்கள். இருக்கட்டும். ‘ஊறு விளைவித்தல்’ நமக்குப் பழகியதுதானே.

‘ஆக்குபேஷனல் டிசீஸ்’க்கு நீங்கள் போட்ட ‘தொழில்சார் நோய்’ பற்றி எனக்குச் சண்டையில்லை. ‘தொழில்வழி நோய்’ என்றால் காரணமும் சேர்ந்து வரும், அவ்வளவுதான்.

அப்புறம், இறந்த தொழிலாளியின் இறுதிச் சடங்குச் செலவுக்கு நீங்கள் போட்ட ‘அடக்கச் செலவு’. எரிக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? ‘காரியச் செலவு’ என்றால் பதினாறாம் நாள் நினைவுக்கு வரும். ‘ஈமச்செலவு’தான் என் தேர்வு. ஈமம் என்றால் சுடலை. ஆனால் புதைக்கிற தாழியையும் சங்கப் பாட்டு ஈமத்தாழி என்றே சொல்கிறது. இரண்டுக்கும் பொது.

இதற்கு ‘உதவித்தொகை’ என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பழைய சட்டத்தில், 2009 திருத்தப்படி குறைந்தது 5,000 ரூபாயை முதலாளி இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டியிருந்தது. யாரும் போடுகிற பிச்சையில்லை. இறந்தவரை நம்பியிருந்தவர்களில் மூத்தவருக்கு அது போகும். அப்படி யாரும் இல்லையென்றாலோ, அவர்களோடு அவர் வசிக்கவில்லையென்றாலோ, உண்மையில் செலவழித்தவருக்கு, அது அறைத்தோழனாக இருந்தாலும்.

அந்த ‘நம்பியிருந்தவர்’ வரும் இடத்தில் ‘வாரிசு’ என்று போட்டிருக்கிறீர்கள். அது பெரிய வம்பு, தனி மடலில் வருகிறேன்.